பேட்டரியில் ஊற்றிய காவேரி

போன வாரம் என் பேத்தி ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிக்கொண்டு வந்து எடமலைப்பட்டி புதூர் வீட்டு வாசலில் நிறுத்தினாள். தண்ணீர் கேன் போடப் போகிறாளாம். வண்டி அவளுக்குத்தான் புதுசு. வண்டிக்கு அவள் மூன்றாவது ஆள். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பெருமையாக பானட்டைத் தூக்கிக் காட்டினாள். சூடான ரப்பரும் பழைய கிரீஸும் ஆயிலும் கலந்த ஒரு வாசனை வந்து மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன்.

"என்ன பாட்டி, கூண்டுல போட்ட கீரி மாதிரி சுத்துற?"

"ஆயில் மாத்தினியாடி?"

"மெக்கானிக் பாத்துப்பான்."

"பிளக் கழட்டிப் பாத்தியா? பேன் பெல்ட்டு? ஸ்பிரிங்குக்கு கிரீஸ்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். காப்பி போடுகிற கிழவிக்குப் பேன் பெல்ட் எப்படித் தெரியும் என்ற பார்வை. சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். வேறு வேலை இருந்தால் பரவாயில்லை, அதைச் செய்துகொண்டே கேளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. உறையூரில் வாடகை வீடு. கல்யாணமாகி இரண்டு வருஷம். படிப்பு என்று பார்த்தால் மூணாங்கிளாஸ், அதிலும் பாதி நாள் வயிற்றுவலி. எங்கள் வீட்டுக்காரர் யாரோ ஒருவருடைய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் வரும் பேச்சு. ஒரு நாள் பட்டப்பகலில் தெருவே அதிரும்படி ஒரு பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. ஏதோ எஸ்டேட்டில் உழைத்து, அதற்கு முன்னால் பட்டாளத்தில் உழைத்து, எங்களிடம் ஓய்வெடுக்க வந்த வண்டி. பச்சை பெயிண்டைச் சுரண்டினால் சாம்பல். சாம்பலைச் சுரண்டினால் மறுபடியும் வேறொரு பச்சை. எத்தனை புடவை மாற்றிக் கட்டியிருக்கிறாள் பாருங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியைப் பற்றி விளையாட்டுப் பேச்சு அவருக்குப் பிடிக்காது.

என் மாமியார் உலக்கையைக் கீழே போட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"ஆடி பொறந்து ரெண்டு நாளாச்சு. எவனாவது ஆடியில வண்டி வாங்குவானாடா?"

"எஸ்டேட்டுக்காரன் ஆவணி வரைக்கும் காத்திருக்க மாட்டான்மா."

"அப்ப ஓட்டாத. நிறுத்தி வை. பெருக்கன்னைக்கு எடு."

ஆடியில் எதையும் தொடங்க மாட்டோம், ஆனால் பதினெட்டாம் பெருக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. அன்றைக்குத் தொடங்கியது பெருகும் என்பார்கள். ஆகக்கூடி வண்டி பதினைந்து நாள் வாசலில் நிற்கிறது. அந்தப் பதினைந்து நாளும் அதற்கு வைத்தியம். ஆடி மாசத்தில் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைப்பார்களே, என் விஷயத்தில் அந்த வேலையை வண்டி பார்த்துக்கொண்டது. அவர் எந்நேரமும் அதற்கு அடியில்தான் கிடந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பாதங்கள்.

பாலக்கரையிலிருந்து ஜமால் பாய் வருவார். மெக்கானிக். எங்கள் வீட்டுக்காரரை விட நாலைந்து வயது மூத்தவர். ஒல்லி உடம்பு, மடித்துக் கட்டிய கைலி. கையைத் துடைத்துத் துடைத்து ஒரு பக்கம் மட்டும் கறுத்துப் போன பனியன். வண்டியை முதலில் தொடமாட்டார். சுற்றி வந்து, காதை வைத்துக் கேட்டு, முகர்ந்து பார்ப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் கூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

முதல் நாள் ஆயிலை இறக்கினார்கள். வெல்லப்பாகு முற்றிக் கருகிப் போனால் எப்படி இருக்குமோ அப்படி இறங்கியது. அதைப் பிடிப்பதற்கு என் குண்டானை எடுத்துக்கொண்டு போனவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குண்டானில் அப்புறம் ஆறு மாசம் என்ன சமைத்தாலும் வண்டி வாசனைதான். ரேடியேட்டரைக் கழுவினார்கள். துருத் தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி ஓடி எதிர்வீட்டுக் கோலத்தைக் கலைத்தது. அதற்கு ஒரு சண்டை. நாலு பிளக்கில் பின்னால் இருக்கிற ஒன்று ஒரு சந்துக்குள் ஒளிந்திருந்தது. ஆண்கள் இருவர் கையும் நுழையவில்லை.

"தங்கச்சி, உன் கை சின்னதா இருக்கே. ஸ்பானரப் பிடிச்சு லேசா திருப்பு. பயப்படாத, கடிக்காது" என்றார் பாய்.

திருப்பினேன். வந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். பிளக்கைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கழட்டின வரிசைப்படி முறத்தில் பரப்பி வைப்பது என் வேலை. அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்கு இது ஒரு வேலையா? எல்லாம் மாட்டின பிறகு முறத்தில் ஒரு நட்டு மிச்சம் இருந்தால் இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிடும். ஒரு தடவை என் மெட்டி ஒன்றைக் கழட்டி நட்டோடு நட்டாக வைத்துவிட்டேன். அது எந்த இடத்தில் மாட்டுவது என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் ஆராய்ச்சி செய்தார்கள். பாய் கடைசியில் கண்டுபிடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் தட்டை வீசினார். தட்டு வீசுவது அவர் வழக்கம். காலித் தட்டாகப் பார்த்துத்தான் வீசுவார், அதைச் சொல்லியாக வேண்டும்.

இனி பேட்டரி. வண்டியோடு வந்த பேட்டரி செத்தது. பாய் ஒரு பழைய பேட்டரியைத் திறந்து, உள்தகடுகளை மாற்றி, தார் காய்ச்சி ஊற்றி மூடிக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு மூன்று வாய். மூன்றிலும் மூடி. என் மாமியாருக்கு ஒரு வாய்தான், ஆனாலும் பேட்டரிதான் அமைதி.

"ஒரு வருஷம் ஓடும். நான் ஜவாப்" என்று பாய் நெஞ்சில் கை வைத்தார். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பேட்டரித் தண்ணியும் கொடுத்தார். "வாரம் ஒரு தடவை மூடியத் தொறந்து பாரு தங்கச்சி. தகடு தெரிஞ்சா இதுல கொஞ்சம் ஊத்து. குழாத் தண்ணி, கிணத்துத் தண்ணி எதுவும் ஆகாது. சுத்தத் தண்ணி. காய்ச்சி ஆவி புடிச்சது."

பெருக்குக்கு முதல் நாள் சாயங்காலம் அந்தப் பாட்டிலை மாடத்திலிருந்து எடுக்கும்போது கை வழுக்கிவிட்டது. கையில் கிரீஸ். தரையில் கண்ணாடி. தண்ணீர் ஒரு நொடியில் செங்கல் இடுக்கில் போய்விட்டது. துண்டுகளைப் பொறுக்கி முருங்கை மரத்தடியில் புதைத்தேன். நாளைக்கு முதல் ஓட்டம். இன்றைக்குப் போய் இதைச் சொன்னால் எத்தனை தட்டு பறக்கும்? காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

காலையில் எல்லோரும் வண்டியிலேயே ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போனோம். அன்றைய காவேரியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புதுத் தண்ணீர், செக்கச் செவேலென்று, படிக்கட்டில் பாதி வரை ஏறி நிற்கிறது. படி முழுக்கப் பெண்கள். காவேரிக்கு மசக்கை என்று காப்பரிசி, கருகமணி, காதோலை, மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துப் படைத்து ஆற்றில் விடுகிறோம். பழைய கயிற்றை மாற்றிக் கட்டுகிறோம். நான் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு மேலே வந்தேன். வண்டிக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. எலுமிச்சம்பழங்கள் சக்கரத்துக்கு அடியில் தயார்.

"பேட்டரிக்குத் தண்ணி பாத்தியா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"இதோ பாக்கறேன்" என்றேன்.

அவர் அந்தப் பக்கம் போய் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூடிகளைத் திறந்தேன். தகடு லேசாகத் தெரிந்தது. கையில் சொம்பு. யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பிறந்த குழந்தையின் நாக்கில் வைப்பதும் காவேரி, உயிர் போகிறவர் வாயில் விடுவதும் காவேரி. சாமிக்கு அபிஷேகமும் அதுதான். சுத்தத் தண்ணி என்று பாய் சொன்னார். இதை விடச் சுத்தமான தண்ணீர் உண்டா? பயம் பாதி, பக்தி பாதி. மூன்று வாயிலும் ஊற்றி மூடிவிட்டேன். மிச்சத்தை வண்டி மேல் தெளித்து, டயரைக் கவனித்துக்கொண்டிருந்தவர் தலையிலும் தெளித்தேன். வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. பழம் நசுங்கியது. என்னை விடப் புத்திசாலி திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியது. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு மூட்டை. தினமும் கொள்ளிடத்தைத் தாண்டி, காவேரியைத் தாண்டி வருவார். முதலில் ஹாரன் இளைத்தது. இருமுகிற கிழவன் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் விளக்கு மஞ்சளடித்தது. நான் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் மில் வாசலில் மூட்டை ஏற்றி நிறுத்தினால், வண்டி கிளம்பவில்லை. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார், நாலு பேர் தள்ளினார்கள், ம்ஹூம். மார்க்கெட்டில் ஆள் காத்துக்கொண்டிருக்கிறான். மில்காரர் மாட்டு வண்டிகளை வரவழைத்து மூட்டைகளை மாற்றி ஏற்றினார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவர் தட்டை வீசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"பேட்டரி செத்துப்போச்சு. செத்த பேட்டரிக்குத் தார் பூசி என் தலையில கட்டிட்டான் அந்த பாய். விடல நான். மார்க்கெட்டு ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டிருந்தான். பத்து டிரைவருங்க நின்னானுங்க. அத்தனை பேரு முன்னாடியும் ஏமாத்துக்காரன்னு திட்டினேன். பேட்டரியத் தூக்கி அவன் காலடியில போட்டுட்டு வந்துட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவான்? பேட்டரியத் தூக்கிக்கிட்டுப் போனான்."

அப்போதுதான் எனக்குச் சொம்பு ஞாபகம் வந்தது.

அடுத்த ஒரு வாரத்தை எப்படிச் சொல்வது? குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், மறுநாள் போடவேயில்லை. கோலம் போட உட்கார்ந்து புள்ளி மட்டும் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மாமியார் எனக்கு மசக்கை என்று முடிவு கட்டி மாங்காய் வாங்கிக் கொடுத்தார். தின்றேன், அது வேறு விஷயம். ஸ்டாண்டில் யாரும் பாயிடம் வண்டி விடுவதில்லை என்று எங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன். வேறு ஏதாவது வந்து விழும். "கூடக் கொஞ்சம் கீரை வைக்கவா?"

எட்டாம் நாள், ரெங்கநாதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். ரெங்கநாதர் வடக்கே. நான் போனது பாலக்கரைக்கு. தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டேன், பார்க்கிறவர்களுக்கு நான் எதையோ திருடிக்கொண்டு போகிற மாதிரி இருந்திருக்கும்.

ஷெட்டில் ஒரு வண்டிகூட இல்லை. எப்போதும் மூன்று வண்டியாவது நிற்கும். பாய் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, துடைத்த ஸ்பானர்களையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஒண்ணு சொல்லணும்."

"ஒக்காரு தங்கச்சி. நான் ஒண்ணு காட்டறேன்."

ஒரு பீங்கான் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். உள்ளே காய்ந்த செவ்வண்டல். அதன் மேல் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருகமணி.

"பேட்டரியத் தொறந்தேன். மூணாவது அறையில கெடந்துச்சு. இது எந்தக் கடையில விக்கிற பேட்டரித் தண்ணின்னு எனக்கும் தெரியல."

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

"தெரிஞ்சும் ஏன் பாய் சும்மா இருந்தீங்க? அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, அவன் என்னை ஒண்ணும் பண்ணமாட்டான். உன்னை என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியாது. திட்டு வாங்கறது எனக்குப் பழக்கம்மா."

"வண்டி ஒண்ணும் வரலியே."

"வரும். மறந்துடுவானுங்க." ஸ்பானரைக் கீழே வைத்தார். "மறக்கலன்னா வேற ஊரு பாக்கணும். அதையும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன். நீ வீட்டுக்குப் போ தங்கச்சி. தேடப் போறாங்க."

வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகிற பஸ் நின்றது. ஏறவில்லை. வீட்டில் போய் அவரிடம் மட்டும் சொன்னால் ஆகாது என்று எனக்குப் பட்டது. திட்டியது பத்துப் பேர் முன்னால். மார்க்கெட்டுக்கு நடந்தேன். ஸ்டாண்டில் எங்கள் வீட்டுக்காரர், கடன் சொல்லி வேறு பேட்டரி போட்ட வண்டியின் பானட்டில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளர் பாதியில் நின்றது.

"நீ எங்க இங்க? அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"அத்தை நல்லா இருக்காங்க. நான்தான் நல்லா இல்ல. எல்லாரும் கொஞ்சம் கேளுங்க." என் குரல் ஹாரனை விட மோசமாக இருந்தது. "பேட்டரியக் கெடுத்தது பாய் இல்ல. நான். அவரு குடுத்த பாட்டிலு என் கையால ஒடஞ்சிபோச்சு. பயந்துக்கிட்டு காவேரித் தண்ணிய ஊத்திட்டேன். பெருக்குத் தண்ணி."

ஈ பறக்கிற சத்தம் கேட்டது. மார்க்கெட்டில் ஈக்குப் பஞ்சமா? பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை சொம்புமா?"

"முக்கா சொம்பு. மிச்சத்த ஓனரு தலையில தெளிச்சேன்."

"அதான் ரெண்டு பேரும் மக்கர் பண்றாங்க!"

ஸ்டாண்டே சிரித்தது. ஒருவர் தன் வண்டிக்குக் காப்பரிசி ஊட்டலாமா என்றார். இன்னொருவர் வளைகாப்பு எப்போது என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான். மீசைக்காரர் சிரித்து முடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாவம் அந்த ஆளு. எட்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேசலியே நாம" என்றார். அன்று சாயங்காலமே அவர் லாரி பாயின் ஷெட்டில் நின்றதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மிச்ச டீயைக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு தட்டும் பறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வாசலில் நின்று, "ஏறு" என்றார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எங்கே என்று கேட்கவில்லை.

பாலக்கரை ஷெட்டில் மூன்று வண்டி நின்றது. எங்களுடையதைக் கொண்டுபோய் நாலாவதாக நிறுத்தினார். இறங்கினார். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"என்னப்பா கோளாறு?" என்றார் பாய்.

"ஒண்ணுமில்ல. கிரீஸ் அடிக்கணும்."

"அடிச்சு ஒரு மாசங்கூட ஆகலியே."

"பரவால்ல. இன்னொரு தடவ அடிங்கண்ணே."

அதற்கு முன்னால் அவர் பாயை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாய் என்னைப் பார்த்தார். கிரீஸ் அடிக்கிற கன்னை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். தேவையே இல்லாத கிரீஸ் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் வழிந்து மண்ணில் சொட்டியது. எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் குந்தி, துணியால் துடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் நிம்மதியாகக் காப்பி போட்டுக்கொண்டு இருந்திருப்பேன். பாயைத் திட்டியபோது ஸ்டாண்டில் நின்றது பத்துப் பேர் என்றேனா? நான் போய்ச் சொன்ன அன்று ஒன்பது பேர்தான். பத்தாவது ஆள் சோமரசம்பேட்டைப் பக்கத்து நெட்டை டிரைவர், ராசு என்று பெயர், நடுவில் அந்த ஒரு வாரத்தில் பம்பாய்க்கு டாக்ஸி ஓட்டப் போய்விட்டாராம். பாதிக் கதையோடு போய்விட்டார். அவர் மனசில் ஜமால் பாய் ஏமாற்றுக்காரர்தான். விலாசம் கேட்டு எங்கள் வீட்டுக்காரரை எத்தனையோ தடவை பிடுங்கினேன். யாருக்கும் தெரியவில்லை. பாயே சிரிப்பார். "விடு தங்கச்சி. பம்பாயில எவன் என்கிட்ட பேட்டரி வாங்கப் போறான்?" அவருக்கு விட்டது. எனக்கு விடவில்லை.

அறுபதுகளின் நடுவில் அந்தப் பிக்கப்பை விற்று லாரி வாங்கினோம். ஸ்டாண்டு இருந்த இடத்தில் இப்போது வண்டியை நிறுத்தினால் போலீஸ்காரர் பூட்டுப் போடுகிறார். பாலக்கரை ஷெட் எந்தக் கட்டடத்துக்கு அடியில் போனது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. பாய் போய்விட்டார். மீசைக்காரர், காப்பரிசிக்காரர், வளைகாப்புக்காரர், ஒன்பது பேரும் போயாயிற்று. கடைசியாக எங்கள் வீட்டுக்காரரும். முழுக் கதை தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

ராசு இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும். ஆனாலும் மதுரை ரோட்டில் பம்பாய்ப் பக்கத்து நம்பர் போட்ட லாரி நின்றால், செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஒரு எட்டு எட்டிப் பார்க்கிறேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் முப்பது வயதுப் பிள்ளை எவனாவது உட்கார்ந்திருக்கிறான். "கியா சாஹியே?" என்கிறான், என்ன வேண்டுமாம். நான் என்னத்தைச் சொல்வது?